கணக்கில் வராத இருபத்துமூன்று நாட்கள்

போன மாதம் ஒரு சான்றிதழில் கையெழுத்து வாங்க நம் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தேன். வந்ததுதான் வந்தோம், இத்தனை காலம் குப்பை கொட்டிய இடமாயிற்றே என்று பச்சிளம் குழந்தைகள் வார்டையும் எட்டிப் பார்த்தேன். உங்களில் ஒருத்தி (பெயரைச் சொல்ல மாட்டேன், பயப்படாதே) குறைமாதக் குழந்தை ஒன்றை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, “முப்பதாம் நாள் பாப்பாவுக்குக் கண் டெஸ்ட் இருக்கு, மறக்காம வந்துடுங்கம்மா” என்று அவ்வளவு இனிப்பாகச் சொன்னாள். தாயும் தலையாட்டினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

ஏனென்றால் அதே வாக்கியத்தை, அதே இனிப்போடு, நானும் ஒரு தாயிடம் சொல்லியிருக்கிறேன். கையைக்கூடப் பிடித்தேன் என்று நினைக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தால் ஒரு பெண் குழந்தையின் இரண்டு கண்ணும் போக இருந்தது. அதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன். போனை எடுத்துப் பைக்குள் வையுங்கள். வார்டு குழுவில் யாரோ போட்ட காலை வணக்கத்துக்கு அப்புறமாகப் பதில் பூ அனுப்பிக்கொள்ளலாம்.

மருத்துவம் பேச மாட்டேன். அதெல்லாம் உங்கள் பாடத்தில் இருக்கிறது, பரீட்சைக்கு முந்தின நாளாவது படித்திருப்பீர்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். மாதம் முடியாமல் பிறக்கும் குழந்தைக்குக் கண்ணின் உள்திரையில் ரத்தக்குழாய் முழுசாக வளர்ந்திருக்காது. வெளியே வந்த பிறகு அது தாறுமாறாக வளர ஆரம்பித்தால் திரையையே பிய்த்துவிடும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. கண் சிவக்காது, பீளை வராது, குழந்தை அழாது. சரியான நாளில் விளக்கு வைத்து உள்ளே பார்த்தால் மட்டும்தான் தெரியும். தெரிந்த ஓரிரண்டு நாளில் லேசர் வைத்தால் பார்வை நிற்கும். விட்டால் போனதுதான்.

இந்தப் பரிசோதனையெல்லாம் நம் பக்கம் வருவதற்கு முன்னால் திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு தாய் ஐந்து மாதப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “கொரலு குடுத்தா திரும்புறான் சிஸ்டர். ஆனா மூஞ்சியப் பாத்து சிரிக்கவே மாட்டேங்கிறான். எம்மேல இன்னா கோவமோ” என்றாள். அவன் கண்ணின் நடுவே வெள்ளையாகத் தெரிந்தது. எங்கள் வார்டில் பிழைத்த பையன் அவன். அவன் வீட்டுக்குப் போன அன்று ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று நாங்கள் எல்லாரும் ஜிலேபி தின்றோம். அதற்கப்புறம் ரொம்ப நாள் எனக்கு ஜிலேபி இறங்கவில்லை.

சரி, நம் கதைக்கு வருகிறேன்.

அவள் முப்பத்தோராவது வாரத்தில் பிறந்தவள். எடை ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. கேஸ் ஷீட்டில் அவள் ‘பேபி ஆஃப் கௌசல்யா’. நம் வார்டில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாதே, எல்லாரும் யாரோ ஒருத்தியின் பேபிதான். தாய் கௌசல்யாவுக்கு இருபது வயது. தாய் வீடு மண்டகப்பட்டுப் பக்கம். தகப்பன் ஏழுமலைக்கு ஓமந்தூர்ப் பக்கம். திண்டிவனம் மார்க்கெட்டுக்கு மல்லாட்டை (வேர்க்கடலைதான்) மூட்டை ஏற்றும் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். அவன் நாள் தவறாமல் வண்டியை வெளியே போட்டுவிட்டு வந்து வார்டின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பான். “ரெண்டு நிமிசம் சிஸ்டர்” என்பான். “தாய்க்கு மட்டும்தான் அனுமதி. கிருமி தொத்திக்கினா நீயா பாத்துக்குவே?” என்று விரட்டுவேன். மூட்டைத் தூசியோடு வருகிறவனை வேறு என்ன செய்வது? அந்தச் சட்டத்தில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

கண் டாக்டர் புதன்கிழமை தோறும் வேறு ஊரிலிருந்து வேனில் வருவார். பெயரைச் சொன்னால் எனக்குப் போன் பண்ணித் திட்டுவார் என்பதால் கண் டாக்டர் என்றே சொல்கிறேன். அந்தம்மா என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தைதான் பேசுவது என்று கோயிலில் வேண்டிக்கொண்ட மாதிரி இருப்பார். அந்தப் புதன்கிழமை அவர் பார்க்க வேண்டிய குழந்தைகள் நிறைய. பேபி ஆஃப் கௌசல்யாவுக்கு அன்றைக்கு இருபத்துமூன்றாம் நாள். இவளுக்கு அவசரம் இல்லை, அடுத்த புதன் வந்தால் கச்சிதமாக முப்பது என்று வரிசையின் கடைசியில் வைத்தேன். டாக்டர் கிளம்பும் நேரம் வந்ததும் கடைசியில் இருந்தவளை விட்டேவிட்டேன். காலண்டரே எனக்காக அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறதே என்று சந்தோஷம் வேறு.

மறுநாள் வியாழக்கிழமை அவளை வீட்டுக்கு அனுப்பினோம். கௌசல்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். என்ன சொன்னேன் என்றுதான் உங்களுக்குத் தெரியுமே. பக்கத்தில் நின்ற ஏழுமலை உடனே போனை எடுத்து, நாள் எண்ணி, அலாரம் வைத்தான். “கரெக்டா வந்துடுறோம் சிஸ்டர்” என்றான். இவ்வளவு பொறுப்பான தகப்பனா என்று எனக்குப் புல்லரித்துப் போயிற்று.

அடுத்த புதன் வந்தது. எல்லாக் குழந்தைகளும் வந்தன, இவளைத் தவிர. பதினோரு மணி வரை பொறுத்துப் பார்த்தேன். பிறகு பதிவேட்டில் இருந்த நம்பருக்கு அடித்தேன். ஏழுமலை எடுத்தான். பின்னால் மார்க்கெட்டு இரைச்சல்.

“என்னப்பா, பாப்பாவ கூட்டிக்கினு வரலையா?”

“எங்க சிஸ்டர்?”

“எங்கயா? கண்ணு காட்டறதுக்கு. இன்னைக்கு முப்பதாம் நாள் ஆச்சே.”

“இன்னா சிஸ்டர், மறந்துட்டீங்களா? இன்னிக்கி ஏழாம் நாளு. இன்னும் இருபத்திமூணு நாளு கீது. அலாரம் வெச்சிருக்கேன் சிஸ்டர், நீங்க கவலப்படாதீங்க” என்று எனக்கு ஆறுதல் சொன்னான்.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் மெல்ல உறைத்தது. அந்த வீட்டில் குழந்தை பிறந்த நாள் என்பது அது வீட்டுக்கு வந்த நாள். பெட்டிக்குள் இருந்த நாளெல்லாம் வயிற்றுக்குள் இருந்த நாள் மாதிரி, கணக்கில் வராது. நான் சொன்ன முப்பதாம் நாளை அவர்கள் தீட்டுக் கழித்து, அரைஞாண் கட்டி, பெயர் வைக்கும் முப்பதாம் நாளோடு அழகாகச் சேர்த்து வைத்துவிட்டார்கள். அன்றைக்குத் தாய்மாமன் வருவான், சோறு போடுவார்கள், எல்லாம் முடித்து அதே வண்டியில் கண்ணையும் காட்டிவிடலாம். ஏற்பாட்டில் ஒரு குறை சொல்ல முடியாது. குழந்தைக்கு மட்டும் அன்றைக்கு ஐம்பத்துமூன்று நாள் ஆகியிருக்கும்.

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களில் கெட்டிக்காரிகள் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். நான் செய்ததைச் சொல்கிறேன். கத்தினேன். “அதுக்குள்ள கண்ணு போயிடும்ப்பா, குருடாயிடும்! ஜல்தியா தூக்கிக்கினு வா!” என்றேன். முப்பது வயதுகூட ஆகாத ஒரு தகப்பனிடம், சந்தையில் நிற்கிறவனிடம், முதல் குழந்தையைப் பற்றி.

“சிஸ்டர், வாயக் கழுவுங்க” என்றான். குரலே மாறிவிட்டது. “நல்லா கண்ணத் தொறந்து என்னயே பாத்துக்கினு கீது எம்பொண்ணு. தீட்டு கழியறதுக்கு முன்ன வாசப்படிய தாண்ட வைக்க மாட்டாங்க எங்க அத்தை. சும்மா பேஜாரு பண்ணாதீங்க.” வைத்துவிட்டான். மறுபடி அடித்தேன், சுவிட்ச் ஆஃப்.

பயமுறுத்திப் பணிய வைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இது. பயந்தவர்கள் நம்மிடம் ஓடி வர மாட்டார்கள், கதவைச் சாத்திக்கொள்வார்கள். அதற்கு முன்னால் எத்தனை பேரை அப்படிச் சாத்த வைத்தேனோ தெரியாது. வராதவர்களுக்குப் போன் பண்ணிப் பார்த்ததே அன்றைக்குத்தானே முதல் தடவை.

கண் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் அடுத்த குழந்தைக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே கேட்டார். நான் வழக்கை வாதாடுகிற மாதிரி, அவர்கள் மூடநம்பிக்கை, படிப்பில்லாமை, நாள் நட்சத்திரம் என்று அடுக்கினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “தேதி எழுதிக் குடுத்தீங்களா சிஸ்டர்?”

இல்லை. எழுதவில்லை. வாயால்தான் சொன்னேன்.

“சரி. கண்ணுக்குத் தீட்டு தெரியாது, அது பொறந்த நாள்ல இருந்துதான் எண்ணும். வண்டில ஏறுங்க” என்றார்.

வார்டைப் பார்த்துக்கொள்ள ஆள் சொல்லி, மேலதிகாரிகளிடம் அனுமதி வாங்கி, வேனில் ஏறினேன். வழியெல்லாம் நான் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். டாக்டர் தூங்கிக்கொண்டு வந்தார்.

கௌசல்யாவின் தாய் வீடு கரும்புத் தோட்டத்தை ஒட்டி. நிலைப்படியில் வேப்பிலை செருகி, கதவோரம் ஒரு பழைய அரிவாளையும் சாத்தி வைத்திருந்தார்கள். கௌசல்யாவின் அம்மா அம்சா வெளியே வந்தாள். நாற்பத்தைந்து வயதுதான் இருக்கும். களையெடுத்துவிட்டு வந்த சேற்றுக் கையைக்கூட இன்னும் கழுவவில்லை. மாப்பிள்ளையிடமிருந்து சேதி ஏற்கெனவே வந்திருந்தது போலிருக்கிறது.

“பச்சப்புள்ளயப் பாத்து கண்ணு போயிடும்னு சொன்ன மவராசி யாரு?” என்றாள்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த நான் டாக்டர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். டாக்டர்தான் முன்னால் போனார். “நாங்க உள்ள வரலாமாம்மா? புள்ளய வெளிய எடுக்க வேணாம். இங்கயே பாத்துட்டுப் போயிடறோம்.”

அம்சா ஏற இறங்கப் பார்த்தாள். “வெளிய எடுக்க வேணாம்னா செரி. ஆனா அப்பிடியே வரக் கூடாது. ஆஸ்பத்திரில தெனமும் எத்தினி சாவு வியுது? அத்தயெல்லாம் மெதிச்சிக்கினு வந்திருக்கீங்க. செருப்ப அங்கயே கயட்டி வுடுங்க.”

செருப்பைக் கழற்றினோம். முழங்கால் வரை தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னாள். முழங்கை வரை சோப்புப் போடச் சொன்னாள். அதற்கு மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். டாக்டர் எதற்கும் முகம் சுளிக்கவில்லை, காட்டிய இடத்தில் காட்டிய மாதிரி நின்றார். வார்டுச் சுவரெல்லாம் கை கழுவும் படம் ஒட்டிவைத்த எனக்கு மட்டும் மூக்கு மேல் கோபம். டாக்டர் என் காதருகே, “உங்க வார்டுல இவ்வளவு சுத்தமா யாரும் கழுவி நான் பாத்ததில்ல சிஸ்டர்” என்றார். அன்றைய ஒதுக்கீட்டில் பாதி வார்த்தையை இதற்குச் செலவழித்தார்.

கண்மணி விரிவதற்குச் சொட்டு மருந்து விட்டால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். மல்லாட்டை மூட்டை அடுக்கியிருந்த உள்ளறையில் ஜன்னலைப் போர்வையால் மூடி இருட்டாக்கினோம். அந்த ஒரு மணி நேரத்தில் அம்சா எங்களுக்குக் கேப்பைக் கூழ் கரைத்துக் கொடுத்தாள், கூடவே திட்டும் கொடுத்தாள். கௌசல்யா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் என்னிடம் மெல்லக் கேட்டாள். “நெசமாவே கண்ணு போயிடுமா சிஸ்டர்?”

“தெரியலம்மா. பாத்தாத்தான் தெரியும்” என்றேன். அன்று காலையிலிருந்து நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

பிறகு பார்த்தோம். இமையை விரித்துப் பிடிக்கும் கம்பியை வைத்ததும் குழந்தை வீறிட்டது. அம்சா பாய்ந்து வந்துவிட்டாள். கௌசல்யாதான் அவளைத் தடுத்து நிறுத்தினாள். “கொஞ்சம் இரும்மா, இரேன்” என்று அழுதுகொண்டே சொன்னாள். நான் தலையைப் பிடித்திருந்தேன். என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிய தலை. டாக்டர் நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு குனிந்தார். வலது கண், இடது கண், மறுபடி வலது கண். அவர் மறுபடி பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

நிமிர்ந்து, “ரெண்டுலயும் இருக்கு. நாளைக்கே லேசர் வெக்கணும். இப்பவே எங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போகணும்” என்றார்.

பாருங்கள், வெளியே எடுக்க வேண்டாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தவர்கள் நாங்கள். அம்சா எழுந்து போய் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். “கூழையும் குடிச்சிட்டு பேச்ச மாத்துறீங்களே. எம்பொணத்தத் தாண்டித்தான் புள்ள போவணும். எட்டு நாளுகூட ஆவலை. ஊர் எல்லய தாண்டி காத்து கருப்பு அடிச்சா யாரு பதிலு சொல்றது? பெட்டிலேந்து பொழச்சி வந்த உசுரு அது.” அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் கண்ணுக்குப் பயந்தேன், அவள் உயிருக்கே பயந்தாள்.

அந்த நேரத்துக்கு ஏழுமலையின் வண்டி வந்து நின்றது. சந்தையிலிருந்து மூட்டையைக்கூட இறக்காமல் வந்திருக்கிறான். வந்தவன் என்னைப் பார்த்ததும் பல்லைக் கடித்தான். டாக்டர் அவனுக்கு இடமே கொடுக்கவில்லை. பரிசோதனைச் சீட்டின் பின்பக்கம் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். நடுவிலிருந்து கோடு கோடாக இழுத்து, பாதியில் நிறுத்தி, நிறுத்திய இடத்தில் கிறுக்கினார்.

“ரத்தக்குழாய் இதுவரைக்கும் வந்திருக்கு. இதுக்கு மேல வழி தெரியாம கண்டபடி முளைக்குது. இத நாளைக்குள்ள நிறுத்தணும். விட்டா திரை கிழிஞ்சிடும்.”

ஏழுமலை வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “ஏழு நாளு கொயந்தைக்கா மேடம்?”

“ஏழு இல்லப்பா. முப்பது.”

“உங்களுக்கு முப்பது மேடம். எனக்கு ஏழுதான்.” என் பக்கம் திரும்பினான். “சொல்லுங்க சிஸ்டர். எத்தினி நாளு அந்தக் கண்ணாடியாண்ட நின்னேன்? உள்ள இன்னா கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்? ஒயரும் துணியும்தான் தெரிஞ்சிது. அதுல எது எம்புள்ளன்னுகூட ஒரு நாளு மாத்திப் பாத்துக்கினு இருந்தேன். அந்த வியாயக்கெயமதான் எங்கையில குடுத்தீங்க. அன்னிக்கித்தான் சிஸ்டர் எனக்கு அது பொறந்துச்சு.”

நான் இத்தனை நேரம் அந்தக் கணக்கை அம்சாவின் கணக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அலாரம் வைத்தவன் அவன் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. அந்த இருபத்துமூன்று நாளை அவனிடமிருந்து பிடுங்கியது தீட்டும் இல்லை, மூடநம்பிக்கையும் இல்லை. நான். என் கண்ணாடிக் கதவும் என் சட்டமும். கையைக் கழுவச் சொல்லி, ஒரு கவுனைப் போட்டு, தினம் ரெண்டு நிமிஷம் உள்ளே விட்டிருந்தால் அவன் முதல் நாளிலிருந்து எண்ணியிருப்பான்.

அம்சா வீட்டு வாசலில் நின்று அழுதேன், சொல்வதற்கு வெட்கமில்லை. “தப்பு என்னோடதுப்பா” என்றேன். “உம்பொண்ணு முப்பது நாளுக்கு முன்னாடியே பொறந்துட்டா. காலையில, மழை தூறிக்கினு இருந்தப்போ. பொறந்ததும் அழக்கூட இல்ல, நாங்க தட்டி அழ வெச்சோம். அன்னைக்கே உன்ன உள்ள கூப்பிட்டு காட்டியிருக்கணும். காட்டாம விட்டது நாந்தான். முப்பதாம் நாள்னு வாயால சொல்லி, தேதி எழுதாம விட்டதும் நாந்தான். ரெண்டுக்கும் சேத்து என்ன வேணா திட்டு. ஆனா இன்னைக்கு அவள அனுப்பு.”

அவன் திட்டவில்லை. “மழ தூறிக்கினு இருந்துச்சா?” என்று மட்டும் கேட்டான். பிறகு குழந்தையை வாங்கிக்கொண்டு ரொம்ப நேரம் அதன் முகத்தைப் பார்த்தான். வாசற்படிக்குப் போய் மாமியார் முன்னால் குந்தினான்.

“அத்தே, பொறந்தது அந்த மழ தூறுன அன்னிக்கித்தானாம். நாந்தான் தப்பா எண்ணிக்கினு இருந்தேன். அப்ப இன்னியோட முப்பது ஆவுது. பாருங்க.” விரலை மடக்கி எண்ணிக் காட்டினான். “முப்பது ஆயிடுச்சின்னா தீட்டு ஏது?”

நானும் டாக்டரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து எத்தனை வருஷப் படிப்பு! இது தோன்றவில்லையே.

அம்சா தானும் ஒரு தடவை எண்ணினாள். நடுவில் குழம்பி மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். எண்ணி முடித்ததும் சட்டென்று எழுந்தாள். “அப்ப இன்னாத்துக்கு ஒக்காந்துக்கினு கீறீங்க? முப்பது கும்புட வேணாமா? வெறும் இடுப்போட புள்ளய எல்ல தாண்ட வுடுவாங்களா?” என்று எங்கள்மேலேயே எரிந்து விழுந்தாள். உள்ளே போய்க் கறுப்புக் கயிறு எடுத்து வந்தாள். தாய்மாமன் கொண்டுவர வேண்டிய வெள்ளி அரைஞாண் இல்லை, வேறு வழியில்லை, கயிறே போதும் என்று தானே முடிவு பண்ணினாள். ஒரு விளக்கு, ஒரு தேங்காய், ஒரு பிடி விபூதி. ஏழுமலை குழந்தையின் காதில் பெயரை மூன்று தரம் சொன்னான். யாழினி. எங்கள் பேபி ஆஃப் கௌசல்யாவுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தபடியே, ஆனால் வாயைத் திறக்காமல், ஒரு சுபகாரியத்துக்கு வந்த விருந்தாளி மாதிரி கை கூப்பி நின்றார். எல்லாம் கால் மணி நேரம். அம்சாவும் பைக்குள் ரெண்டு புடவையைத் திணித்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் லேசர் வைத்தார்கள். வலது கண் நன்றாகப் பிடித்துக்கொண்டது. இடது கண்ணுக்கு இன்னொரு தரம் வைக்க வேண்டியிருந்தது. அதில் பார்வை எவ்வளவு நிற்கும் என்று இப்போது சொல்ல முடியாது, குழந்தை வளர்ந்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்த வாரமே நான் என் சட்டத்தை மாற்றினேன். தகப்பன்மார் கை கழுவி, கவுன் போட்டு, முதல் நாளே உள்ளே வரலாம் என்றேன். மேலே இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கை கழுவச் சொல்லிக்கொடுக்க மண்டகப்பட்டிலிருந்து ஒரு அம்மாவை வரவழைக்கட்டுமா என்று கேட்டேன், அமைதியாகிவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் கிழமையோடு தேதியைப் பெரிதாக எழுதினோம். தாய் வீட்டு நம்பர், மாமியார் வீட்டு நம்பர் இரண்டையும் வாங்கினோம். எழுதிக் கொடுத்துவிட்டு, “எந்த நாள்லேந்து எண்ணுவீங்க?” என்றும் ஒரு வார்த்தை கேட்போம். சிரிக்காமல் கேளுங்கள். கேட்டுப் பாருங்கள், ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பதில் வரும். அதற்கு ஆகும் நேரம் நீங்கள் தலையைச் சாய்த்து இனிப்பாகப் பேசும் நேரத்தைவிடக் கம்மி.

என் காலத்துக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். குழந்தை பிழைத்துப் போய்விட்டால் நம் வேலை முடிந்தது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பிழைத்த குழந்தை அதற்கப்புறம் எழுபது, எண்பது வருஷம் இந்த உலகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அது நம் டியூட்டி முடிகிற மணிக்கு முடிகிற வேலை இல்லை.

கடைசியாக ஒன்று. யாழினிக்கு அப்போது ஒன்றேகால் வயது இருக்கும். கண் பரிசோதனைக்கு வந்தவர்கள், கண் டாக்டர் கூப்பிடும் வரை நம் வார்டுக்கு வெளியே இருக்கும் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குக் கண்ணாடி போட்டிருந்தது. காதில் நிற்காது என்பதால் பின்னால் எலாஸ்டிக் வைத்துக் கட்டியிருந்தார்கள், சின்ன வாத்தியாரம்மா மாதிரி இருந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவள் தரையில் உட்கார்ந்து எதையோ உற்றுப் பார்த்தாள். பிறகு குனிந்து, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கிள்ளினாள். தப்பிவிட்டது. கொஞ்சம் நகர்ந்து மறுபடி கிள்ளி, பிடித்து, வாயில் போட்டுக்கொண்டாள்.

“ஐயய்யோ, எறும்பத் துன்னுட்டா!” என்று கௌசல்யா கத்தினாள். அம்சா ஓடி வந்து குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். யாழினி ஊரைக் கூட்டி அழுதாள். பரபரப்பில் டாக்டரே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

ஏழுமலை மட்டும் இடத்தை விட்டு அசையாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்ததை அவன் துடைக்கவும் இல்லை.

“சின்ன எறும்பு சிஸ்டர்” என்றான். “நானே பாக்கல.”